குழாய்க்கு முந்தைய மூன்று நிமிடம்

நுவரெலியாவில் பருப்பு வேக நேரமாகும். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிவந்த என் சின்னம்மா, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து அடுப்படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார். விறகு ஈரம், பருப்பு பழசு என்று அம்மா ஏதாவது பதில் வைத்திருப்பார். காற்றைக் குறை சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் அங்கே ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பானை தளதளவென்று கொதிக்கும். உள்ளே சூடு போதாது.

வெளியே நிறைந்து தெரிவதும் உள்ளே போதாமல் இருப்பதும் எவ்வளவு ஆபத்தான சேர்க்கை என்பதை நான் கற்றது அடுப்படியில் அல்ல. 2022 ஜூலையில், மலையகத்தின் ஓர் ஆதார வைத்தியசாலையில், இரவு பதினொரு மணிக்கு. வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். பிழை என்னுடையது.

நாட்டில் பெற்றோல் இல்லாத மாதம் அது. நான்கு நாள் காய்ச்சலோடு கிடந்த ஓர் அம்மாவை முச்சக்கர வண்டியில் ஏற்ற வழியில்லாமல், தோட்டத்து லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். வயது 61. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். மழையில் நனைந்த கம்பளி, உள்வாங்கிய கன்னம், நிமிடத்துக்கு நாற்பது மூச்சு. இரத்தத்தின் ஒட்சிசன் வீதத்தை அளக்க விரலில் மாட்டிய கருவி முதலில் எதுவுமே காட்டவில்லை. விரல் அவ்வளவு குளிர்ந்திருந்தது. தேய்த்துச் சூடாக்கிய பிறகு 74 என்றது. பையோடு கூடிய ஒட்சிசன் மாஸ்கை வைத்து, உருளையை 15 லீற்றருக்குத் திறந்தோம். ஏறிற்று. 92.

அந்த 92ஐப் பார்த்து நான் நிம்மதி அடைந்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த நிம்மதிதான்.

அவர் களைத்துக்கொண்டிருந்தார். நுரையீரல் இரண்டிலும் நியூமோனியா. சுவாசக் குழாய் இட்டு, கண்டிக்கு அனுப்பவேண்டும் என்று முடிவாயிற்று. மயங்கவைக்கவும் தசைகளைத் தளர்த்தவும் மருந்து கொடுத்தேன். மூச்சு நின்றது. குரல்வளையைப் பார்க்க உதவும் லெரிங்கோஸ்கோப்பை எடுத்து வாயைத் திறந்தேன். வெற்றிலைச் சாறும் சளியும். உறிஞ்சிவிட்டுப் பார்த்தேன், குரல்வளை தெரியவில்லை. மொனிட்டரின் ஓசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒட்சிசன் இறங்க இறங்க அதன் சுருதியும் இறங்கும். நான் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. 88, 79, 66 என்று தாதி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்து, கையால் காற்றூட்டும் பையை அழுத்தி, மறுபடி முயன்று, இரண்டாம் தடவையில் குழாய் போனது. அதற்குள் இதயத்துடிப்பு 38க்கு வந்துவிட்டது. அட்ரினலின் கொடுத்தோம். திரும்பி வந்தார்.

கண்டியில் ஒன்பதாம் நாள் இறந்தார். கிருமி இரத்தத்தில் பரவியது, சிறுநீரகம் செயலிழந்தது என்று அறிக்கையில் இருந்தது. அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு முதுகில் தட்டிக்கொடுத்தவர்களும் உண்டு: “கஷ்டமான குழாய், போட்டுவிட்டாயே!” எங்கள் தொழிலில் குழாய் போட்டவனுக்குத்தான் பேர். அதற்கு முந்தைய மூன்று நிமிடத்தில் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மூன்று நிமிடம் எதற்கு? லயத்தில் வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் பிடிக்கும் பீலியை வைத்துச் சொன்னால் விளங்கும். பீலியில் தண்ணீர் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வோம்? இருக்கிற குடங்களையெல்லாம் நிரப்புவோம். தசை தளர்த்தும் மருந்து கொடுப்பது பீலியை அடைப்பது போன்றது. குழாய் போய் அடுத்த மூச்சு கிடைக்கும்வரை உடம்பு குடத்துத் தண்ணீரில்தான் ஓடவேண்டும்.

குடம் எவ்வளவு? சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் சுமார் 2.5 லீற்றர் காற்று மிஞ்சியிருக்கும். அதில் பெரும்பகுதி நைதரசன். குடத்துக்குள் கூழாங்கல் போல இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருப்பது. ஒட்சிசன் 400 மில்லிலீற்றருக்கும் குறைவு. உடம்போ ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலீற்றர் செலவழிக்கிறது. ஆக, ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதலாக. கூழாங்கல்லை எல்லாம் வெளியே தள்ளி, குடம் முழுக்க ஒட்சிசனை நிரப்பினால் ஆரோக்கியமான ஒருவர் மூச்சில்லாமல் எட்டு நிமிடம்வரை தாக்குப்பிடிக்கலாம். உடல் பருத்தவருக்கு அது மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் குறைவு. காய்ச்சலில் கொதிக்கும், நுரையீரல் சீழ் கட்டிய நோயாளிக்கு இந்தக் கணக்கை யாரும் துணிந்து சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஊர்க் காற்று இந்தக் குடத்தை இன்னும் சிறிதாக்குகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமாக இருக்கும் காற்றழுத்தம் நுவரெலியாவில் சுமார் 610தான். நுரையீரலில் நீராவியும் காபனீரொட்சைட்டும் பிடித்துக்கொள்ளும் பங்கு மலையேறினாலும் பெரிதாகக் குறையாது. இழப்பு ஏறத்தாழ முழுவதும் ஒட்சிசனின் தலையில் விழும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நுரையீரலை நூற்றுக்கு நூறு ஒட்சிசனால் நிரப்பினாலும், அந்த உயரத்தில் அதற்குள் இருக்கும் அளவு கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. எட்டு நிமிடம் என்று பாடநூல் எழுதியவர் மலையில் நின்று எழுதவில்லை. சின்னம்மாவின் பருப்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இனி அந்த 92. ஹோட்டன் சமவெளிக்குப் போயிருக்கிறீர்களா? புல்வெளியில் மட்டமாக நடந்துகொண்டே இருப்போம். பனிமூட்டம் வேறு. ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பு வந்துவிட்டது என்று தரை சொல்லாது; காலடியில் திடீரென்று 800 மீற்றருக்கும் அதிகமான பள்ளம். இரத்தம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் விதமும் அப்படித்தான். 100இலிருந்து 92வரை சமவெளி. 90 விளிம்பு. அதற்குப் பிறகு சரிவு கிடையாது, விழுவதுதான். விளிம்பில் நின்றுகொண்டு, இன்னும் தரையில்தானே நிற்கிறேன் என்று நான் நினைத்தேன். அதோடு விரலில் உள்ள கருவி பழைய செய்தியைத்தான் படிக்கிறது; குளிர்ந்த விரலில் அரை நிமிடம், ஒரு நிமிடம் பிந்திக்கூடச் சொல்லும். திரையில் 88 வரும்போது மூளைக்குப் போகும் இரத்தம் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

மாஸ்கில் என்ன குறை? 15 லீற்றர் திறந்தால் நூறு வீதம் ஒட்சிசன் போகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மூச்சு வாங்கும் நோயாளி உள்ளிழுக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு. மிச்சத்தை மாஸ்கின் ஓரங்களால் அறைக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறார். கூழாங்கற்கள் மறுபடி குடத்துக்குள். கையில் கிடைப்பது பெரும்பாலும் 60, 70 வீதம். இன்னொன்று: சீழும் நீரும் அடைத்து மூடிப்போன நுரையீரல் பகுதிகளுக்கு எவ்வளவு ஒட்சிசன் அனுப்பினாலும் போய்ச்சேராது. அவற்றைத் திறக்க அழுத்தம் வேண்டும். சாதாரண மாஸ்குக்கு அந்த வேலை தெரியாது.

அன்றிரவு அழுத்தம் கொடுக்கக்கூடிய இயந்திரம் ஒன்று அதே அறையின் மூலையில் இருந்தது. கொரோனாக் காலத்தில் வந்த பைபாப். மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தது. அதன்மேல் யாரோ பதிவேடுகளை அடுக்கியிருந்தார்கள். குழாயைத் தவிர்ப்பதற்கான இயந்திரம் என்றே அதை நான் அறிந்திருந்தேன். குழாய்க்குத் தயார்ப்படுத்தவும் அது உதவும் என்பது பிரான்சில் 2006இலேயே சிறிய ஆய்வொன்றில் வந்துவிட்ட செய்தி. என் தலைக்குள் வரவில்லை.

2024இல் அமெரிக்காவில் நடந்த பிரியொக்சி ஆய்வின் முடிவு வெளியானபோது, மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் அதைப் படித்தேன். 24 அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 1,301 நோயாளர். பாதிப் பேருக்குச் சாதாரண ஒட்சிசன் மாஸ்க்; பாதிப் பேருக்கு இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு நூறு வீத ஒட்சிசன், குறைந்தது மூன்று நிமிடம். மருந்து கொடுத்ததிலிருந்து குழாய் போய் இரண்டு நிமிடம்வரை 85க்குக் கீழே விழுந்தவர்கள்: மாஸ்கில் 18.5 வீதம், அழுத்தத்தில் 9.1 வீதம். இதயம் நின்றது 1.1 வீதத்துக்கு எதிராக 0.2 வீதம். அழுத்தம் கொடுத்தால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி நுரையீரலில் இறங்கும் என்பது எங்கள் எல்லோருடைய பழைய பயம். அதுவும் கூடவில்லை, 0.9க்கு 1.4, குறைவு அழுத்தத்தின் பக்கம்.

இந்த எண்களை அப்படியே மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிடலாமா? அவசரப்படக்கூடாது. அந்த ஆய்வில் வைத்தியர் இவருக்கு இதுதான் வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தால் அந்த நோயாளி சேர்க்கப்படவில்லை. இரத்தவாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர், முகம் நொறுங்கியவர் ஆகியோருக்கு இறுக்கமான மாஸ்க் என்பது நினைக்கவே கூடாதது. அதைவிட முக்கியமாக, அவர்களுடைய இயந்திரத்துக்கு நூறு வீத ஒட்சிசன் கொடுக்க முடியும். எங்கள் மூலையில் இருந்ததோ வீட்டில் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் வகை. அறைக்காற்றை இழுத்து அழுத்தும், ஒட்சிசனைப் பக்கக் குழாயால் கலக்கவேண்டும். எவ்வளவு திறந்தாலும் நூறை எட்டாது. அழுத்தம் கிடைக்கும், கூழாங்கல் முழுதும் போகாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய வென்டிலேட்டரில் இந்தக் குறை இல்லை. அதைக் கீழே உருட்டிக்கொண்டு வர ஆள் வேண்டும், அதில் ஏற்கெனவே ஒருவர் இல்லாமலும் இருக்கவேண்டும்.

மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லீற்றர் அனுப்பும் கருவியும் கொரோனாவோடு வந்தது. நோயாளிக்கு இதமானது, எனக்கும் பிடிக்கும். அதையும் அழுத்த மாஸ்கையும் ஒப்பிட்டு 2019இல் பிரான்சில் வெளியான ஃபுளோராலி-2 ஆய்வில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நுரையீரல் மிக மோசமாக இருந்தவர்களில் மட்டும் அழுத்தத்தின் பக்கம் கடும் வீழ்ச்சி 24 வீதம், மூக்குக் கருவியில் 35. ஆனால் 680 லீற்றர் பிடிக்கும் ஓர் உருளையை அந்தக் கருவி 11 நிமிடத்தில் குடித்துவிடும். நோயாளர் காவு வண்டியில் கண்டிக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். வளைவுகளில் உருளை உருள, மீற்றர் முள்ளைப் பார்த்துக்கொண்டே போன அனுபவம் உள்ளவர்கள் அந்தக் கருவியை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

எனவே நான் கடைசியில் வந்து நின்றது கையால் அழுத்திக் காற்றூட்டும் அம்பு (Ambu) பையிடம். டென்மார்க்கிலிருந்து 1956இல் வந்த பொருள். மின்சாரம் கேட்காது, மென்பொருள் கேட்காது. எல்லா வைத்தியசாலையிலும் இருக்கும். ஏன், சில தோட்டத்து மருந்தகங்களில்கூட இருக்கும். சிவப்பு அலுமாரிக்குள், தூசியோடு. அதன் மூச்சு வெளியேறும் வாயில் பீப் வால்வு என்ற ஒரு சின்னத் திருகை மாட்டினால், மூச்சு விட்ட பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தம் தங்கும். பின்னால் ஒட்சிசன் சேரும் பை நிரம்பியிருக்கவேண்டும். ஒருவர் இரண்டு கைகளாலும் மாஸ்கை முகத்தோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் நோயாளி இழுக்கும்போது மெல்ல அழுத்தவேண்டும், அவருடைய தாளத்தில். சில பைகளில் வெளிவாயிலுக்கு ஒருவழி அடைப்பு இருக்காது; தானாக மூச்சுவிடும் நோயாளி அந்த வழியாகவே அறைக்காற்றை இழுத்துக்கொள்வார். அந்தத் திருகு அதையும் அடைத்துவிடுகிறது. எங்கள் பிரிவில் அது இரண்டு இருந்தது. ஒன்று தொலைந்துவிட்டது. மற்றதை என் மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருக்கிறேன். இதற்காகத் திட்டு வாங்கியதும் உண்டு.

இறுக்கம் என்பது பேச எளிது. மலையகத்து முதியவர்கள் பலருக்குப் பல் இல்லை; கன்னம் குழிந்து மாஸ்கின் ஓரத்தில் காற்று சீறும். செயற்கைப் பல் இருந்தால் குழாய் இடும் நேரம்வரை கழற்றாமல் விடுங்கள் என்று தாதியரிடம் சொல்லியிருக்கிறேன். முன்பெல்லாம் படுக்கையில் ஏற்றியவுடன் கழற்றிக் கண்ணாடிக் கோப்பையில் போட்டுவிடுவார்கள். தலைப்பக்கத்தை 25 பாகை உயர்த்துவதற்குக் காசே வேண்டாம். வயிறு கீழிறங்கி நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். அந்த அம்மாவை நான் மட்டமாகப் படுக்கவைத்திருந்தேன்.

மருந்து கொடுத்த பிறகு குழாய் போகும்வரை பையைத் தொடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதே வாந்திப் பயம். 2019இல் வெளியான பிரிவென்ட் ஆய்வு 401 பேரில் அதைச் சோதித்தது: அந்த இடைவெளியில் மாஸ்க் வழியாக மெல்லப் பை அழுத்தியவர்களில் 80க்குக் கீழே விழுந்தோர் 10.9 வீதம், சும்மா காத்திருந்தவர்களில் 22.8. வயிறு நிறைந்து வாந்தி எடுப்பவரிடம் இன்றும் தயங்குவேன். மற்றவர்களிடம் தயங்குவதில்லை.

மாஸ்கைப் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். ஒட்சிசன் இல்லாத மூளை சண்டை பிடிக்கும். கூட வந்தவர்கள், “ஐயா, நல்ல மனுஷன், இப்படிப் பேசவே மாட்டார்” என்று எனக்காக வெட்கப்படுவார்கள். கையைக் கட்டினால் இன்னும் மோசமாகும். கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொஞ்சமாக, மூச்சு நிற்காத அளவில், மெதுவாகக் கொடுத்து அமைதிப்படுத்தி, அதன்பிறகு மாஸ்கை வைத்து மூன்று நிமிடம் நிரப்பி, அப்புறம் தசை மருந்து. அவசரத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகிறோம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது சோம்பல் போலத் தெரியும்.

எல்லோருக்கும் ஒட்சிசனை அள்ளி ஊற்றலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. பராகுவாட் என்ற களைநாசினி நுரையீரலைத் தாக்கியிருந்தால், ஒட்சிசனே அந்த நஞ்சுக்கு எண்ணெய் வார்க்கும். மூச்சு உண்மையிலேயே தட்டுப்படும்வரை அதைக் கொடுக்கமாட்டோம். ஒரு காலத்தில் எங்கள் தோட்டங்களுக்கு நன்கு பழகிய பெயர் அது. 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகத் தடை செய்தார்கள். எனக்கு முந்தைய தலைமுறை வைத்தியர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

போன வருடம் மரக்கறி லொறிச் சாரதி ஒருவர் வந்தார். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கு ஓடுபவர். வயது 46, எடை நூறு கிலோவுக்கு மேல், கழுத்தே தெரியாத உடம்பு. அதே போன்ற நியூமோனியா. மாஸ்கில் 91. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம். இழுப்பறையைத் திறந்தேன். திருகை மாட்டி, தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் மாஸ்கை அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தேன். தாதி அவருடைய மூச்சோடு சேர்ந்து பையை அழுத்தினார். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, மூன்று நிமிடம், மூன்றே நிமிடம்” என்று சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஒரு சிற்றூழியரை நிறுத்தியிருந்தேன். அவசரத்தில் நாற்பது வினாடியே மூன்று நிமிடமாகத் தோன்றும். 93. 95. இரண்டாவது நிமிடத்தில் 98. கை கடுத்தது. பெருவிரல் மரத்துப்போயிற்று. மூன்றாவது நிமிடம் முடிந்த பிறகும் விடவில்லை. மருந்து போன பின்னும் தாதி மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தார். பார்த்தேன், குழாய் போனது. மிகக் குறைந்தது 94.

நல்ல வேளை என்று சொல்வதா, நல்ல வேலை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியாது. அவருக்குக் குரல்வளை முதல் பார்வையிலேயே தெரிந்தது. அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது ஆய்வு ஆகாது.

ஆறு வாரம் கழித்து ஒரு பை கரட்டோடு வந்தார். மெலிந்திருந்தார். கண்டியில் பன்னிரண்டு நாள் கிடந்தது, குழாய், ஊசிகள், எதுவும் நினைவில் இல்லை என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“டொக்டர், மாஸ்கை வைத்து மூஞ்சியைப் போட்டு அமுக்கினது நீங்கள்தானே?”

ஆமாம் என்றேன்.

“இரண்டு நாள் தாடை வலித்தது” என்றார், கரட்டை மேசையில் வைத்தபடி.